தாய்லாந்துத் தளபதியின் மார்பில் இருப்பதைப் படிப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தாய்லாந்து ராணுவத் தளபதிகளின் படங்களைப் பார்த்தால் மார்பு நிறையப் பதக்கங்கள், குறுக்கே பட்டுப்பட்டை, இரண்டு மூன்று நட்சத்திரங்கள். அந்த நாடு அத்தனை பெரிய போர்களை நடத்தியதாகத் தெரியவில்லையே. இவற்றையெல்லாம் அரசர் கொடுக்கிறாரா, ராணுவமே கொடுத்துக்கொள்கிறதா? இவற்றில் எது உண்மையில் பெரியது?"

சுருக்கமாகச் சொன்னால், எல்லாமே அரசர் பெயரால்தான் வருகின்றன. ஆனால் எல்லாமே அரசர் மனம் வைத்துக் கொடுத்தவை அல்ல. அந்த மார்பில் மூன்று தனித்தனிக் கணக்குகள் கலந்து கிடக்கின்றன: களத்தில் நின்றதற்கு வந்தவை, பணிமூப்பால் படிப்படியாக வந்தவை, அரசர் தாமே விரும்பி அளித்தவை. மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கையையே அந்தத் துணியில் படித்துவிடலாம். மூன்றும் முழுமையாக அமைந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அவர் ஜெனரல் பிரேம் தின்சுலானோன்.

பிரேம் 1920 ஆகஸ்ட் 26 அன்று தெற்கே சோங்க்லாவில் பிறந்தார். 1978இல் தரைப்படைத் தலைவர், 1980 மார்ச் முதல் 1988 ஆகஸ்ட் வரை பிரதமர், 1998 முதல் அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலின் தலைவர். 2016 அக்டோபரில் மன்னர் பூமிபோல் மறைந்தபின், புதிய அரசர் அரியணையை ஏற்கும்வரை ஏழு வாரம் அரசப் பிரதிநிதியாக இருந்தவரும் இவரே. அப்போது வயது 96. 2019 மே 26 அன்று காலமானார்.

களத்திலிருந்து தொடங்குகிறேன். படைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிரேமின் வகுப்பை, பிரெஞ்சு இந்தோசீனாவுடன் போர் மூண்டதால், படிப்பை முடித்து அனுப்பிவிட்டார்கள். 1941 தொடக்கத்தில் கம்போடிய எல்லையான பொய்பெட் பக்கம் போனார். அடுத்து 1942 முதல் 1945 வரை வடக்கே கெங்துங் பகுதியில், இன்றைய மியன்மாரின் ஷான் மாநிலத்தில், பயாப் என்ற தாய்லாந்துப் படையோடு இருந்தார். இத்தகைய களங்களுக்குத் தரப்படுவது 'சாய் சமோரபூம்' என்ற பதக்கம். தமிழ்க் காதுக்கு இது அந்நியமில்லை. ஜய, சமர, பூமி என்ற மூன்று சொற்களும் அதற்குள் இருக்கின்றன. பிறகு கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போன தாய்லாந்து வீரர்களுக்கும் இதே பதக்கம் கிடைத்தது. ஆகவே "போரே நடக்கவில்லையே" என்ற உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்து ஜப்பானோடு சேர்ந்து 1942 ஜனவரியில் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. ஜப்பான் தோற்ற கையோடு, 1945 ஆகஸ்ட் 16 அன்று, அந்தப் போர் அறிவிப்பே செல்லாது என்று அரசர் பெயரால் பிரகடனம் வெளியானது. சட்டப்படி அப்படியொரு போர் அறிவிப்பே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் ஷான் மலைகளில் மலேரியாவோடு கிடந்தவனின் பதக்கம் செல்லாமல் போகவில்லை. அரசியல் தன் வார்த்தையைத் திரும்பப் பெறலாம், போய் நின்ற காலுக்கு அதைச் செய்ய முடியாது. அந்தச் சிறு உலோகத்தை நான் மதிப்பது இதனால்தான்.

அதே வரிசையில் இன்னொன்று 1969இல் ஏற்படுத்தப்பட்ட 'பிதக் சேரிசோன்'. சுதந்திர மக்களைக் காப்பது என்று பொருள். கம்யூனிஸ்ட் ஆயுதக் கிளர்ச்சியை எதிர்த்த பணிக்கு உரியது. பிரேமைப் பொறுத்தவரை இதன் பின்னணி மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. வடகிழக்கில், கிளர்ச்சி வேரூன்றிய ஈசான் பகுதியில், இரண்டாம் படைப் பிராந்தியத்தின் தளபதியாக 1970களில் இருந்தபோது, துப்பாக்கியால் மட்டும் இது தீராது என்று அவர் கண்டுகொண்டார். பிரதமரான சில வாரங்களிலேயே, 1980 ஏப்ரல் 23 அன்று, '66/2523' என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். 2523 என்பது தாய்லாந்தின் புத்த ஆண்டுக் கணக்கு. அரசியல் முன்னே செல்ல வேண்டும், ராணுவம் அதன் பின்னே செல்ல வேண்டும், காட்டைவிட்டு வருபவரைத் தோற்ற எதிரியாக நடத்தாமல் நாட்டு மக்களாக ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். ஒரு நாட்டின் உள்நாட்டுப் போர் இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு அடங்கியதற்கு ஆசியாவில் அதிக உதாரணங்கள் இல்லை. அவர் மார்பில் இருந்த எல்லாவற்றையும்விட அந்த ஆணைத்தாள்தான் பெரியது என்பேன்.

அடுத்தது பணிமூப்பு வரிசை. பார்ப்பவரை மிகவும் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் கண்ணைப் பறிப்பதும் இதுவே. இரண்டு விருதுகள்: 1861இல் மன்னர் மோங்குட் ஏற்படுத்திய வெள்ளை யானை விருது, 1869இல் தொடங்கிய மகுட விருது. ஒவ்வொன்றிலும் எட்டுப் படிகள். இவை ராணுவத்துக்கு மட்டும் உரியவையல்ல. பள்ளி ஆசிரியர், மருத்துவர், மாவட்ட அதிகாரி, நீதிபதி, நாடாளுமன்ற உறுப்பினர் எல்லோரும் இதே ஏணியில்தான் ஏறுகிறார்கள். அதுவும் இரட்டை ஏணி. ஒரு படி மகுடத்தில், அடுத்த படி யானையில் என்று மாறி மாறி ஏற வேண்டும். உச்சிக்கு அருகில் மகுட முதல் வகுப்பு, பிறகு யானை முதல் வகுப்பு, அதன்பின் மகுடத்தின் சிறப்பு வகுப்பான 'மகா வச்சிர மோங்குட்' (நமது மகா, வஜ்ர, மகுட என்பவையே), கடைசியில் யானையின் சிறப்பு வகுப்பான 'மகா பரமாபோன் சாங் புவக்'. உள்ளூரில் இவற்றை "மோ வோ மோ", "மோ போ சோ" என்று முதலெழுத்துகளால் சொல்வார்கள்.

பதவி நிலை, அதில் கழித்த ஆண்டுகள், நன்னடத்தை ஆகியவற்றை வைத்து அமைச்சகங்கள் பட்டியல் அனுப்பும். அமைச்சரவைச் செயலகம் சரிபார்க்கும். அரசரின் பிறந்தநாளை ஒட்டி, பூமிபோல் காலத்தில் டிசம்பர் 5, இப்போது ஜூலை 28, அரசிதழில் பெயர்கள் வரிசையாக வெளியாகும். பெயர் ஆயிரக்கணக்கில் இருக்கும். முழு ஜெனரல் நிலையில் சில ஆண்டுகள் இருந்து குற்றமில்லாமல் ஓய்வுபெறும் ஒருவர் இரண்டு உச்சிகளையும் தொட்டுவிடுவது இயல்பு. சிவப்பில் பச்சைக் கரையிட்ட பட்டை யானை விருதினுடையது, நீலத்தில் பச்சைக் கரை மகுடத்தினுடையது. படத்தில் அவை தெரிந்தால் "இவர் அரசுப் பணியின் உச்சிக்கு வந்தவர்" என்று படியுங்கள். "பெரிய வீரர்" என்று படிக்க வேண்டாம். பதினைந்து ஆண்டு ராணுவச் சேவைக்குக் கிடைக்கும் சக்கரமாலாவும், முடிசூட்டு விழா, பாங்காக்கின் 1982 இருநூறாம் ஆண்டு நிறைவு போன்ற விழாக்களின் நினைவுப் பதக்கங்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். மார்பில் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் இவையே.

இனி மூன்றாவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் கொஞ்சம் நீளும்.

தாய்லாந்தின் பழைய பெயரான சியாமில் 1932 வரை அரசர் தம் அதிகாரிக்குக் கொடுத்த பெரிய கொடை பதக்கமல்ல, பெயர். லுவாங், பிரா, பிரயா, சாவ் பிரயா என்று ஏறும் பட்டமும், அதோடு வேலைக்கேற்ற ஒரு புதுப் பெயரும் கிடைக்கும். பிரேமின் தந்தை சோங்க்லாவில் சிறை அதிகாரி. அவருக்குக் கிடைத்த பெயர் லுவாங் வினித் தண்டகம். நமக்குத் தெரிந்த தண்டம், கர்மம் இரண்டும் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. தின்சுலானோன் என்ற குடும்பப் பெயரும் மன்னர் வஜிராவுத் அளித்ததே. 1932 புரட்சியில் முழு முடியாட்சி முடிந்தது. 1940களின் தொடக்கத்தில் பிரதமர் பிபுன் சோங்கிராம் அந்தப் பட்டங்களையும் நீக்கினார். பிபுன் சோங்கிராம் என்பதே அவருக்கு அரசர் தந்த பட்டப்பெயர். பட்டத்தை விட்ட அவர் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். பட்டம் போனபின், அரசரிடமிருந்து ஒரு குடிமகனுக்கு வரக்கூடிய தனிப்பட்ட அடையாளமாக மிஞ்சியது இந்த விருதுகள்தான். தந்தைக்குப் பெயராக வந்தது மகனுக்கு ஆபரணமாக வந்தது. இது வெறும் உவமையல்ல. விருதுகளுக்குத் தாய்லாந்து மொழியில் பொதுப் பெயரே 'இட்சரியாபோன்', அதாவது ஐஸ்வரியமும் ஆபரணமும் சேர்ந்த சொல். ஆபரணம் அவர்கள் நாக்கில் 'ஆபோன்' ஆகிவிட்டது.

இளஞ்சிவப்புப் பட்டையைக் கண்டால் அது சுலாசோம்கிளாவ் விருது. மன்னர் சுலாலோங்கோன் 1873இல் ஏற்படுத்தினார். இதற்குப் பட்டியல் அனுப்ப முடியாது, மூப்புக் கணக்கு கிடையாது, அரசர் நினைத்தால் உண்டு. இதைப் பெறும் பெண்களுக்குத்தான் 'குன்யிங்', 'தான்புயிங்' என்ற மரியாதைச் சொற்கள் பெயருக்கு முன்னே வருகின்றன. ஆண்களுக்கு வேறொரு தனிச்சிறப்பு: உயர் வகுப்பு பெற்றவரின் மகனுக்கு, வழித்தோன்றல் என்ற முறையில், இதன் கீழ்நிலை வகுப்பு ஒன்று போய்ச்சேரும். விருதின் வாசகமே "நம் குலம் தழைக்கப் பேணுவோம்" என்ற கருத்தைச் சொல்வது. பிரேம் இதன் உச்சமான சிறப்பு வகுப்பைப் பெற்றார். ஆனால் அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை இல்லை. தம் கீழ் வேலை செய்த அதிகாரிகளிடம் தம்மைப் 'பா' என்றுதான் குறிப்பிட்டுக்கொள்வார், அப்பா என்று பொருள். அவரைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு 'லுக் பா', அப்பாவின் பிள்ளைகள் என்றே பெயர். குலம் தழைக்கச் சொல்லும் விருது, ரத்தவழியில் யாருக்கும் போகாமல் அவரோடு நின்றது.

மஞ்சள் பட்டை, ஓரத்தில் சிவப்பு, நீலம், பச்சைக் கோடுகள். இதுதான் நீங்கள் கேட்ட "எது பெரியது" என்பதற்குப் பதில்: நொப்பரத் ராட்சவராபோன், நவரத்தின ராஜ வர ஆபரணம். இதற்கு மேலே இருப்பவை வெளிநாட்டு அரசத் தலைவர்களுக்கும் அரச குடும்பத்துக்கும் உரியவை. அரச குலத்தில் பிறக்காத ஒருவர் எட்டக்கூடிய உச்சி இதுவே. படிநிலை எதுவும் கிடையாது, ஒரே வகுப்பு. ஒரே காலத்தில் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை முப்பதைத் தொடாது. பௌத்தர்களுக்கு மட்டுமே தரப்படும். ஆண்களுக்கு நட்சத்திரத்தோடு ஒன்பது கல் பதித்த தங்க மோதிரமும் உண்டு, வலக்கைச் சுட்டுவிரலில் போடுவது மரபு.

அந்த ஒன்பது கற்களைப் பற்றி ஒரு வார்த்தை, நம் வீட்டு நவரத்தின மோதிரம் போட்டவர்களுக்காக. மரகதம் அங்கே மோரகோத், கோமேதகம் கோமேன், வைடூரியம் பைதூன். பெயர்கள் கடல் கடந்தும் கரையவில்லை. ஆனால் பட்டியல் ஒன்றல்ல. நம் பவளம் அங்கே இல்லை, அந்த இடத்தில் 'பெதாய்' என்ற சிர்கான் கல் இருக்கிறது. முத்தின் பெயரைச் சுமக்கும் 'முக்தா' அங்கே சந்திரகாந்தக் கல்லைக் குறிக்கிறது.

பிரேமுக்கு இது 1988இல் வந்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். தேர்தல் முடிந்து, கூட்டணிக் கட்சிகள் மீண்டும் அவரையே பிரதமராகக் கேட்டபோது, போதும் என்று மறுத்துவிட்டு ஆகஸ்டில் பதவியை விட்டார். இடையில் 1981 ஏப்ரலிலும் 1985 செப்டம்பரிலும் அவரைக் கவிழ்க்க இரண்டு ராணுவப் புரட்சி முயற்சிகள் நடந்திருந்தன. முதலாவதில் அவர் அரச குடும்பத்தோடு வடகிழக்கு நகரான கோராட் போய்ச்சேர, இரண்டு மூன்று நாளில் புரட்சி உதிர்ந்துபோனது. பதவி விலகிய அதே மாதத்தில் பிரிவி கவுன்சில் உறுப்பினரானார், 'ரத்தபுருத்' என்று அறிவிக்கப்பட்டார். ராஷ்டிர புருஷர் என்றே அதைப் படிக்கலாம். ஆட்சியில் இருக்கும்போது வருவதும், ஆட்சியைத் தாமே விட்டபின் வருவதும் எடையில் ஒன்றல்ல.

கறுப்பில் சிவப்புக் கரையிட்ட பட்டை ராமாதிபோதி விருது, ராமாதிபதி. சியாம் முதல் உலகப் போரில் இறங்கி ஓராண்டானபோது, 1918 ஜூலையில், மன்னர் வஜிராவுத் இதை ஏற்படுத்தினார். அதே மாதக் கடைசியில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட சியாமியத் தொண்டர் படையினர் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். இது முழுக்க ராணுவச் சேவைக்கானது, ஆறு வகுப்பு. உச்சியில் 'சேனாங்கபோதி', சேனை அங்கங்களின் பதி. கீழ் வகுப்புகளில் ஒன்றின் பெயரில் 'கிளாங் சமோன்' என்று வரும். சமர் நடுவே என்று பொருள், அதாவது சண்டைக்கு நடுவில் வீரம் காட்டியவனுக்கு. வகுப்பால் தாழ்ந்ததாக இருந்தாலும், ஒரு தளபதி இளம் அதிகாரியாக இருந்தபோது உண்மையில் குண்டுகளுக்கு நடுவே நின்றாரா என்று அறிய நான் முதலில் தேடுவது இதைத்தான். பிரேமுக்குக் கிடைத்தது உச்ச வகுப்பான சேனாங்கபோதி. அதைப் பெற்றவர்கள் மிகச் சிலர்.

பதவிநிலையில் பிரேமுக்கு வராத ஒன்றும் உண்டு: ஜெனரலுக்கும் மேலான ஃபீல்டு மார்ஷல். 1941இல் பிபுன் மேஜர் ஜெனரலாக இருந்து ஒரே தாவலில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அவருக்குப் பின் சரித், தனோம், பிரபாஸ் என்று ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராணுவத்தினர் அந்த நிலைக்கு வந்தார்கள். 1973 மாணவர் எழுச்சிக்குப் பிறகு அந்த வழக்கம் நின்றது. எட்டாண்டுக்கு மேல் பிரதமராக இருந்தும் பிரேம் ஜெனரலாகவே இருந்தார். கடற்படையிலும் விமானப்படையிலும் அதற்கு நிகரான அட்மிரல், ஏர் சீஃப் மார்ஷல் நிலைகள் அவருக்குச் சேர்த்து அளிக்கப்பட்டன. அரச அணுக்கத்தில் அவருக்கு மிஞ்சியவர் எவரும் இல்லாத காலத்திலும் ஃபீல்டு மார்ஷலின் கோல் மட்டும் வரவில்லை என்பதை நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன்.

விருதுகள் ஒருவரைப் பற்றிய விவாதத்தை முடித்துவிடுவதில்லை என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பர் ராணுவப் புரட்சிக்குப் பின்னால் பிரேம் இருந்தார் என்று அதில் பதவி இழந்த பிரதமர் தக்சின் ஷினவத்ராவின் ஆதரவாளர்கள் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார்கள். அவர் அதை மறுத்தார். 2007 ஜூலையில் பாங்காக்கில் அவர் வாழ்ந்த சிசாவ் தேவெட் இல்லத்தின் முன் பெரும் போராட்டமும் மோதலும் நடந்தன. தேர்தலில் நிற்காமலே பிரதமராக இருந்தவர், பிறகு அரசருக்குப் பக்கத்திலிருந்து அரசியலின் போக்கை வளைத்தவர் என்ற விமர்சனம் அந்த நாட்டில் வலுவாக உண்டு, அதைப் புறந்தள்ள முடியாது. மஞ்சள் பட்டை சொல்வது அரசருக்கு அவர் எவ்வளவு நெருக்கம் என்பதை. மக்களுக்கு அவர் என்ன செய்தார் என்பதை அந்த 66/2523 போன்ற தாள்களில் தேட வேண்டும்.

கொடுத்தது திரும்பவும் போகும். 2019 மார்ச் 30 அன்று அரச ஆணை ஒன்று தக்சினிடமிருந்து விருதுகளைப் பறித்தது. முன்னாள் பிரதமருக்கே அந்த நிலை. மரணத்திலும் விதிகள் உண்டு. வெள்ளை யானையும் மகுடமும் குடும்பத்தில் நினைவாக இருக்கலாம். நவரத்தினமும் சுலாசோம்கிளாவும் அரண்மனைக்குத் திரும்ப வேண்டும். இறந்தவரின் உடலை நீராட்ட அரசர் அனுப்பும் நீர், உடலுக்கு முன்னே வைக்கும் 'கோட்' எனப்படும் அரசக் கலசத்தின் வகை, சடங்கின் அளவு ஆகியவையும் அவர் வைத்திருந்த விருதுகளின் நிலையைப் பொறுத்தே அமையும். பிரேமின் உடல் வாட் பெஞ்சமபோபிட்டில் (வாட் என்றால் பௌத்தக் கோயில்) பல மாதம் வைக்கப்பட்டு, 2019 டிசம்பர் 8 அன்று வாட் தெப்சிரினில் அரசர் முன்னிலையில் எரியூட்டப்பட்டது.

சோங்க்லா போகிறவர்கள் பதம்மரோங் என்ற சிறு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பிரேம் பிறந்து வளர்ந்த மரவீட்டின் மாதிரி அது. பதம்மரோங் என்றால் சிறை அதிகாரி. மகன் ஏறிய உயரத்தின் பெயர் எதையும் வைக்காமல், லுவாங் வினித் தண்டகம் பார்த்த வேலையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.